நாலு கல் சலுகை

ஒரு குளக்கரைப் பாறையில் கட்டம் கிழித்து நண்டும் ஓணானும் கல் ஆட்டம் ஆடி வந்தன. ஓணானுக்குக் கறுப்புக் கல், நண்டுக்கு வெள்ளை. மாறி மாறி வைத்து, அதிக இடத்தை வளைப்பவர் ஜெயிப்பார். எப்போதும் நண்டுதான் ஜெயித்தது.

ஒருநாள் நண்டு, "நீ முதலில் நாலு கல் வைத்துக்கொள். அப்புறம் ஆடலாம்" என்றது.

ஓணானின் கழுத்து சிவந்துவிட்டது. "எனக்குப் பிச்சை போடுகிறாயா?"

"இல்லை. இப்போது நான் பாசியைத் தின்றுகொண்டே ஆடுகிறேன். அது உனக்கும் மரியாதை இல்லை, எனக்கும் ஆட்டம் இல்லை. நாலு கல் இருந்தால்தான் எனக்கும் தோற்கிற பயம் வரும்."

ஓணான் நாலு கல்லையும் ஒவ்வொன்றாக வைத்தது. கூச்சத்தோடு ஆடி ஒரு மூலையைப் பறிகொடுத்தது. அதன்பின் துணிந்து, வெள்ளைக் கற்களுக்கு நடுவிலேயே ஒரு கறுப்பை வைத்தது.

நண்டின் கொடுக்கு பாதியில் நின்றது. கண்களை நீட்டிக் கட்டங்களைப் பார்த்தது.

"கொஞ்சம் பொறு. இதை யோசிக்க வேண்டும்" என்றது.

இத்தனை நாளில் நண்டு அப்படிச் சொன்னதே இல்லை. ஓணான் வெதுவெதுப்பான பாறையில் வயிற்றைச் சாய்த்து, அவசரமில்லாமல் காத்திருந்தது.