இரண்டு டின் அடுப்பு

புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சமையல் மேடைமேல் பீர் டின் அடுப்பு. சீ.

கணவன் அதைக் குளிப்பாட்டி உட்காரவைத்த குழந்தை மாதிரி நடுவில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வயது மகள் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இன்னும் அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். மலைமேல் இரண்டு நாள், கூடாரத்தில்.

அவள் சம்மதித்ததற்கு ஒரே நிபந்தனைதான். அவன் குடியைத் தலைமுழுகிப் பதினோரு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு சொட்டு நாக்கில் பட்டது தெரிந்தாலும் பிள்ளையை அவனோடு வாசல்படி தாண்ட விடமாட்டாள். குடித்துவிட்டுப் பிள்ளையைப் பூங்காவிலேயே மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்த மகராசன் அவன்.

இந்த அடுப்புக் கூத்தைச் சகித்துக்கொண்டதே அவள் பொறுமைதான்.

மலைக்குத் தூக்கிக்கொண்டு போக எடையில்லாத அடுப்பு வேண்டுமாம். இரண்டு டின்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே ஸ்பிரிட் ஊற்றினால் ஆயிற்றாம். குளிர்பான டின் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றாள். அது சரிப்படாதாம், பீர் டின்தான் வாகாம். அந்த வித்தையெல்லாம் இவளுக்கு என்ன தெரியும்? தலையாட்டினாள்.

அப்புறம் ஒரு மாதம் வீடு வீடாகவா இருந்தது?

தெருமுனைக் குப்பைத்தொட்டியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று அவளிடம் மெதுவாக விசாரித்தாள். மானம் போயிற்று.

சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பால்கனியில் கொட்டினான். ஒரு டின்னில் சிகரெட் துண்டு, ஒன்றில் செத்த ஈ, ஒன்றில் எவனோ காறித் துப்பியது. புளித்த வாடை வீடெல்லாம் அடித்தது. கழுவிவைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுமா? அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுவினாள். கர்மம், கர்மம்.

அத்தனையும் வீண். எல்லாமே நசுங்கிய டின்கள். குடிக்கிறவன் எவனும் டின்னைச் சும்மா போடமாட்டான், கையால் ஒரு நசுக்கு நசுக்கித்தான் எறிவான் என்று அவனே தலையில் அடித்துக்கொண்டான். லேசாக நெளிந்திருந்தாலும் ஒன்றுக்குள் ஒன்று போகாதாம்.

நசுங்கியதை வைத்தே வெட்டிப் பழகினான். தினமும் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தான். சட்டை, தலையணை, அவன் மூச்சு, எல்லாவற்றிலும் அந்த நெடி ஏறிவிட்டது. முன்பெல்லாம் அவன் வேலை முடிந்து வந்ததும் கிட்டே போய் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள். இந்த நெடி வந்தபிறகு அதை விட்டுவிட்டாள்.

மகள் அடுப்பைக் கையில் எடுத்து, சுற்றிலும் விரலால் தடவினாள்.

"அம்மா, தொட்டுப் பாரேன். ஒரு நெளிசல்கூட இல்ல."

சொன்னவள் அடுப்பைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

அவள் வந்து தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

முந்தாநாள்தான் இந்த இரண்டு டின்னோடு வந்தான். குப்பைத்தொட்டியில் அதிர்ஷ்டம் அடித்தது என்று சிரித்தான். அந்த இரண்டை மட்டும் அவள் கழுவவில்லை. அவனே கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

அடுப்புக்கு ஆகும் என்று தெரிந்த ஒருவன் பக்குவமாகக் குடித்து, நசுக்காமல் வைத்த டின்கள்.

ஒரு மாதம் ஊரான் எச்சிலைக் கழுவிய தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

அவன் எதையும் கவனிக்கவில்லை. அடுப்பை வாங்கி மேடைமேல் வைத்து, ஸ்பிரிட் ஊற்றி, தீக்குச்சியைக் காட்டினான். ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. தீ பிடித்ததாகவே தெரியவில்லை. மகள் குனிந்து பார்க்கப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"கிட்ட போகாதடா. வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

அவள் மகளின் தோளிலிருந்து பையின் ஒரு வாரைக் கழற்றினாள்.

மகள் தானாகவே இன்னொரு தோளையும் சாய்த்துக் கொடுத்தாள்.