முதல் பைப்

வாயில் வைத்து உறிஞ்சினாள். காற்று தாராளமாக வந்தது.

கடைக்காரர் பதறிப்போனார்.

"அம்மா, வாங்குறதா இருந்தா மட்டும் வாயில வைங்க."

"வாங்கத்தான் வந்திருக்கேன்" என்றாள், புடவைத் தலைப்பால் நுனியைத் துடைத்துக்கொண்டே.

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், குடையும் கைத்தடியும் லைட்டரும் விற்கிற கடை. கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் புகை பிடிக்கிற பைப்புகள் கிடந்தன. சுற்றுலா வருகிறவர்கள் வாயில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே வைத்துவிட்டுப் போகிற சாமான்கள். அவர் பதறியதில் நியாயம் இருந்தது.

இவள் பார்வைக்கு வசதியானவள் என்று பட்டதோ என்னவோ, பளபளவென்று ஒன்றை எடுத்துத் துணிமேல் வைத்தார். வெளிநாட்டு வேர்க்கட்டையில் கடைந்ததாம். பத்திரமாக வைத்துக்கொண்டால் பேரன் காலம் வரை வருமாம்.

அவளுக்கு அத்தனை காலம் தேவைப்படவில்லை.

"இருக்கிறதுலயே விலை குறைஞ்சதா, புதுசா பிடிக்கிறவங்களுக்கு ஏத்த மாதிரி எடுங்க."

நேரான ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். வீட்டில் இருந்ததும் நேரானதுதான். கனத்தில் அவளுடைய மேல்வரிசைப் பல்செட் நழுவியது. கீழே வைத்தாள்.

அடுத்ததில் வார்னிஷ் நாற்றம். தள்ளினாள்.

கடைசியாக, மக்காச்சோளத்தின் மணியை உதிர்த்துவிட்டு மிஞ்சிய கட்டையைக் குடைந்து செய்தது. காம்பு வளைந்திருந்தது. விளையாட்டுச் சாமான் மாதிரி எடையே இல்லை. கடித்தாள். நின்றது. தலையை ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது.

"பழகறதுக்கு இதுதான் சரி" என்றார் கடைக்காரர். "சார் முதல்தடவையா பிடிக்கிறாரா?"

"சார் போய்ச் சேர்ந்துட்டார். இது நாய்க்கு."

அவர் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

*

அவள் புருஷன் கடைசிவரை ஒரே பைப்பில் காலம் தள்ளியவர்.

அதைச் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவளேதான் அவர் கோட்டுப் பையில் வைத்தாள். அங்கேயாவது திட்டு வாங்காமல் பிடிக்கட்டும் என்று நினைத்தாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து அழுதார்கள்.

அவருடைய நாய் ஜாக்கியை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அது கேட் ஓரத்திலேயே கிடக்கிறது. ஈரல் வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டார். தானாகச் சாப்பிட்டால்தான் பிழைக்கும் என்று கையை விரித்துவிட்டார்.

டப்பாவில் அவருடைய புகையிலை பாதி மிச்சம் இருந்தது. அதைத் தணலில் போட்டு, சாம்பிராணி காட்டுவதுபோல வீடு முழுக்கக் காட்டினாள். ஜாக்கி தும்மிக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியது. அவளும் இருமிக்கொண்டே பின்னால் ஓடினாள். கொசு ஜாஸ்தியா என்று பக்கத்து வீட்டு ரெஜினா கேட்டாள்.

அது வேறு வாசனை. ஒரு வாய்க்குள் போய்வந்த புகையில்தான் அவர் இருந்தார்.

இந்த நாயை அவளுக்குப் பிடித்ததே இல்லை. சோபாவில் ஏறும். செருப்பைக் கடிக்கும். எந்தச் சண்டையிலும் அவர் கட்சி.

ஆனாலும் அவர் விட்டுப்போனதில் மூச்சு விடுவது அது ஒன்றுதான். சாக விடமாட்டாள்.

*

மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்தது. அவர் வந்து உட்காரும் நேரம்.

வராந்தாவில் அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலடியில் தட்டு, சோறும் ஈரலும். புகையிலை காயாமல் இருக்க டப்பாவுக்குள் ஒரு உருளைக்கிழங்குத் துண்டு போட்டிருந்தாள். அவர் செய்கிற வேலை அது. நல்ல கிழங்கைப் பாழாக்குவதாக அவள் சத்தம் போடுவாள்.

மூன்று கிள்ளு. முதலாவது லேசாக, கடைசியை மட்டும் அழுத்தி. முதல் தீக்குச்சி சும்மா. புகையிலை மேலே பொங்கும், பெருவிரலால் அமுக்க வேண்டும். இரண்டாவதுதான் பற்றும். முப்பது வருஷம் திட்டிக்கொண்டே பார்த்ததில் எல்லாம் மனப்பாடம்.

இருமினாள். அணைந்துவிட்டது.

மறுபடி பற்றவைத்தாள். நாக்கு எரிந்தது. இந்தக் கண்றாவிக்காகவா மனுஷன் அத்தனை சண்டை போட்டார் என்று கோபம் கோபமாக வந்தது. விடவில்லை. வாய்க்குள் மட்டும், மெதுவாக இழுத்து விட்டாள்.

புகை படியிறங்கி கேட் பக்கம் போனது.

ஜாக்கியின் காது நிமிர்ந்தது.

ஓடி வரவில்லை. ஒவ்வொரு அடியாக வந்தது. நாற்காலியை ஒரு சுற்று சுற்றியது. நிமிர்ந்து பார்த்தது.

அவள்தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவளும் பைப்பை வாயிலிருந்து எடுக்காமல் அதையே பார்த்தாள். சாப்பிடு, சனியனே, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தட்டில் வாய் வைத்தது.

தட்டைக் காலி செய்துவிட்டு, அவள் செருப்பின்மேல் தலையைப் போட்டுக்கொண்டு படுத்தது. சீக்கிரமே குறட்டை வந்தது.

பைப் அணைந்திருந்தது. நாற்காலிக் கையில் தட்டிச் சாம்பலைக் கொட்டினாள். வந்த வேலை முடிந்தது. உள்ளே போய் அடுப்பைப் பார்க்கலாம்.

டப்பாவைத் திறந்தாள். உருளைக்கிழங்குத் துண்டை ஓரமாக நகர்த்திவிட்டு, மறுபடியும் மூன்று கிள்ளு எடுத்தாள்.