பைக் பாப்பா

"டாக்டர், உங்களால ஒரு காரியம் ஆகணும். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வானதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியில் ஆறு வயது மகள் மகிழினி. டாக்டர் கவிப்ரியா பேனாவை மூடி வைத்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள். திட்டட்டும், நியாயம்தானே!

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஆற்றில் ஆட்டம் போட்ட பிள்ளைகளெல்லாம் காய்ச்சலோடு வந்து கிளினிக்கை நிறைத்தார்கள். "புதுத்தண்ணி ஒத்துக்கல, சரியாயிடும்" என்று மகிழினிக்கும் சிரப் எழுதி அனுப்பிவிட்டாள் கவிப்ரியா. இரண்டு நாள் கழித்து வானதி திரும்பி வந்து, "இது கவாசாகியா இருக்குமோ டாக்டர்?" என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய். பத்து நாளைக்குள் மருந்து ஏற்றாவிட்டால் இதயத்தையே பதம் பார்த்துவிடும். அன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?"

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்லையாம். நான் கும்பிடாத சாமி இல்ல டாக்டர்!"

கவிப்ரியாவுக்குக் கண் கலங்கியது. "அந்த நோய் பேரு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் எட்டாவதுதான் படிச்சேன். மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கோம். பரீட்சை வந்தா, 'அக்கா, கவாசாகி பத்து காப்பி'ன்னு பிள்ளைங்க வந்து நிக்கும். அறிகுறியெல்லாம் ஞாபகம் வச்சுக்க ஒரு படம் அது. பாப்பா ஒண்ணு கவாசாகி பைக்ல போகும். கண்ணு இருக்கிற இடத்துல செவப்பு மிளகாய், நாக்கு ஸ்ட்ராபெரி பழம், கழுத்துல கட்டி, உள்ளங்கை வீங்கித் தோல் உரிஞ்சிருக்கும். நம்பர் பிளேட்ல அஞ்சு, அதாவது அஞ்சு நாள் காய்ச்சலாம். வீணாப்போன காப்பிக்கெல்லாம் இவதான் கலர் அடிப்பா. அன்னிக்குக் கண்ணாடியைப் பாத்துட்டு, 'அம்மா, நான் பைக் பாப்பா ஆயிட்டேன்'னா. எனக்கு உசுரே போயிடுச்சு."

கவிப்ரியா மகிழினியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"அதை வரைஞ்சது யாரோ பழைய ஸ்டூடன்ட்டாம். நீங்களும் அங்க படிச்சவங்கதானே? விசாரிச்சுச் சொல்லுங்க. அவங்க கால்ல விழணும். அவங்களா இருந்தா மொத தடவையே கண்டுபிடிச்சிருப்பாங்க..." என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்!"

கவிப்ரியா எழுந்து வந்து வானதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மொத தடவை அவ கண்டுபிடிக்கலைங்க. புண்ணியமாப் போச்சு, நீங்க மறக்கல. ஃபைனல் இயர்ல அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்."