மற்றக் காது

நாலாவது பாட்டு தொடங்கியதும் மதுசனின் கை ரோமங்கள் குத்திட்டு நின்றன.

சுகந்தினி அதற்காகத்தான் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சோறு தின்று கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. மழை இப்போதுதான் விட்டிருந்தது. மதுசன் சுவரில் சாய்ந்து, இரண்டு காதிலும் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவள் பக்கத்தில் பாயில் படுத்துத் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஏழு மாதம். பாட்டு மாறும்போது போன் திரை மினுங்குவதை எண்ணி எண்ணியே இது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. முதல் இரண்டு பாட்டுக்கும் கால் பெருவிரல் மட்டும் ஆடும். மூன்றாவதில் கழுத்து நரம்பு துடிக்கும். நாலாவதில் ரோமம் எழும்பும், மேலுதட்டில் வேர்வை பொடிக்கும், மூச்சு கனக்கும்.

அதற்குப் பிறகுதான் அவன் கை அவளைத் தேடி வரும்.

அதற்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை.

புதுச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்து ஒட்டி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சிரிப்பான். கஹவத்தையில் அவன் வேலை செய்யும் போன் கடையில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவான். தேயிலைக் கொழுந்துக்கூடையின் கயிறு இழுத்துச் சிவந்த அவள் நெற்றியைத் தடவிக் கொடுப்பான். அவ்வளவுதான். ஹெட்செட் காதில் ஏறிவிட்டால் வேறு ஆள். அணைக்கும்போதும் அதைக் கழற்றமாட்டான். அந்த நேரத்தில் அவள் காதோரம் சொன்ன எதுவும் அவனுக்குக் கேட்டதில்லை.

தன் புருஷனின் உடம்பை வேறு யாரோ எழுப்பித் தன்னிடம் அனுப்பி வைப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ஹெவி மெட்டல் என்று அதற்குப் பேர் சொன்னான். ரோடு போட லொறியில் வரும் கருங்கல்லைத்தான் அவள் மெட்டல் என்று அறிந்திருந்தாள்.

ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் போனைத் திறந்து, பாட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நீள முடி வைத்த ஆம்பிளைகள். மண்டையோடு. நெருப்பு. ஒரே ஒரு படத்தில் மட்டும் கறுப்பு உதட்டுச் சாயத்தோடு ஒருத்தி வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது முழுக்க அந்த முகம்தான். கங்காணியிடம் இரண்டு தடவை ஏச்சு வாங்கினாள்.

பிறகு பார்த்தால் நாலாவது பாட்டு அந்தப் பெண் பாடியதே இல்லை.

ஒருத்தி என்றால் சண்டை போடலாம். சத்தத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

இன்று அவன் கை ரோமம் எழும்பிய அந்த நொடியில் அவள் எழுந்து உட்கார்ந்து அவன் தோளைத் தட்டினாள்.

"எனக்கும் ஒரு பக்கம் தாங்க. உங்கள அது என்னதான் பண்ணுதுன்னு நானும் பாக்குறேன்."

மதுசன் தயங்கினான். பிறகு இடது காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தான்.

முதலில் மெய்யாகவே லொறியிலிருந்து கல் கொட்டியது. ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். பிடுங்கி எறியப் போனாள். அதற்குள் அடியிலிருந்து மேளம் ஏறியது. அது காதில் அடிக்கவில்லை. நெஞ்செலும்பில் அடித்தது, பிறகு அடிவயிற்றில். நெஞ்சு தானாக அந்த அடியைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பின்கழுத்திலிருந்து தோள்வரை புல்லரித்தது. கோபமா பயமா ஆசையா என்று பிரிக்க முடியாத ஒன்று உடம்பெல்லாம் சூடாகப் பரவியது. ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எரிச்சலும் அதற்குள் சேர்ந்துகொண்டது.

முதன்முறையாக அவளே அவனைப் பிடித்து இழுத்தாள்.

அவன் வரவில்லை.

கழுத்து நரம்பு அடங்கியிருந்தது. எழும்பிய ரோமம் படிந்துவிட்டது. கை கட்டைபோலக் கிடந்தது. அவனுடைய வலது காதிலும் அதே பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு பங்குபோட்டுக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவன் கண் போன இடத்தைக் கவனித்தாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒரே அறையை இரண்டாக்கி நின்ற பலகைத் தடுப்பை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அந்தப் பக்கம் அவன் அம்மா இருளாயி புரண்டு படுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

சுகந்தினிக்கு அது ஒரு சத்தமாகவே பட்டதில்லை. ஓப்பநாயக்கவில் அவள் பிறந்த வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் படுத்தவர்கள்.

மதுசன் தலையைக் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசையச் சொன்னான்.

"அண்ணனுக்குக் கல்யாணமான புதுசுல நாந்தான் அந்தப் பக்கம் படுத்திருந்தேன். அவங்க கொழும்புக்குப் போறவரைக்கும் ரெண்டு வருசம். எல்லாம் கேக்கும் புள்ள. அப்ப வாங்குனதுதான் இந்த ஹெட்செட்."

அவள் தன் காதில் இருந்ததைக் கழற்றி அவனுடைய இடது காதில் வைத்து, விழாதபடி விரலால் அழுத்தினாள்.

பாட்டு போனதும் வீடு கேட்டது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். அடுத்த வீட்டு டீவி. தடுப்புக்கு அப்பால் மாமியார் மூச்சு விடுவது. தூங்குகிறவர்கள் விடும் மூச்சு அல்ல அது.

இந்த ஏழு மாதமும் இந்த வீட்டில் எதுவும் கேட்காமல் இருந்தது அவன் ஒருவன்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கை அவளைத் தேடி வந்தது.

அவள் தன் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, ஒன்றோடொன்று உரசாதபடி இறுக்கிவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.