ஆட்ட ஆயுள்

கபடி அணியின் இரண்டாம் வரிசைப் பெண்களில் யாரைப் பெரிய அணிக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய எஸ்தர் தூத்துக்குடிக்கு வந்திருந்தாள். முக்கால்வாசி வேலையை இயந்திரமே முடித்துவைத்திருந்தது. மைதானத்தில் அதற்கு ஜோசியர் என்று பெயர். ஆட்டத்தைப் பார்த்தே, இவள் இத்தனை வருஷம் தாங்குவாள் என்று 'ஆட்ட ஆயுள்' சொல்லிவிடும். சொன்னால் சொன்னதுதான்.

செல்லக்கனிக்கு அது சொன்ன ஆயுள் பூஜ்யம்.

எப்போதும் முதலில் அவுட்டாகி வருபவள் அவள்தான். இன்றும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஏட்டி, அவ இடது காலத்தான் நீட்டுவா! இந்தா வாரா... இப்பம் அமுக்குங்க!"

அமுக்கிவிட்டார்கள். எதிராளி பிடிபட்டால் வெளியே இருப்பவளுக்கு உயிர் வரும். செல்லக்கனி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எஸ்தர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "ஜோசியரே, இந்தப் பிள்ள வெளிய இருந்து போடுற சத்தத்தக் கேட்டீரா?"

"கோட்டுக்கு வெளியே நடப்பது என் கணக்கில் வராது."

"அதையுஞ் சேத்துப் பாருமேன்."

ஜோசியர் பழைய ஆட்டங்களையெல்லாம் மறுபடி கேட்டது. திரையில் பூஜ்யம் அழிந்து பதினாறு என்று வந்தது.

ஆட்டம் முடிந்ததும் செல்லக்கனி முகம் கழுவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா. போயிட்டு வாரேன்."

எஸ்தர் பையைப் பிடித்து இறக்கினாள்.

"எங்கட்டி போற? ஒனக்கு உயிரு வந்தாச்சு."