விரிசல் இல்லாத கட்டு

பழைய புல்லாங்குழலுக்கு இன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முன்பொரு சித்திரை வெயிலில் அதன் உடல் நீளவாக்கில் வெடித்து, ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. கோடை முழுக்க மூலையில் கிடந்தது. பிறகு அதை வாசிக்கும் வித்வான் விரிசல் மேல் சிவப்பு நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டியதும் குரல் மீண்டது. அன்று முதல் குழல்களை வைக்கும் பைக்குள் அதற்குத் தனி மரியாதை. மற்றக் குழல்கள் அந்தக் கட்டைப் பார்த்தே ஒதுங்கி இடம் கொடுக்கும்.

இப்போது, நேற்று வாங்கிய புதுக்குழலும் அதே சிவப்பு நூலோடு பக்கத்தில் வந்து படுக்கிறது.

"உனக்கு எங்கேடா விரிசல்?"

"விரிசல் இல்லையே அண்ணே."

"அப்புறம் எதுக்குக் கட்டு? கல்யாணமா உனக்கு?"

"வெடிச்சிடக் கூடாதுன்னு முன்னாடியே கட்டிட்டார்."

"நான் வாய் பிளந்து கிடந்து வாங்கினது இது. உனக்குச் சும்மா கிடைக்குதா? அவிழ்த்துப் போடு."

"கொஞ்சம் மெல்லப் பேசு, நான் நழுவுறேன்" என்றது பழைய குழலின் நூல்.

புதுக்குழல் தயங்கிக் கேட்டது. "அண்ணே, உங்களுக்கும் வாங்கின அன்னைக்கே கட்டியிருந்தா வெடிச்சிருக்காதுதானே?"

"அதெல்லாம் அந்தக் காலம். பேசாமத் தள்ளிப் படு."

புதுக்குழல் தள்ளிப் படுத்தது. பிறகு பழைய குழல் தன் நூலிடம் மட்டும் கேட்டது.

"என்னை வாங்கின அன்னைக்கு நீ எங்கே இருந்தே?"

"அவர் மேசை டிராயர்லதான்."