உயிரோடு இருப்பவருக்குச் செத்தவீடு

"'நவம்பர் 20, 2003. ஒரு பிழை விட்டுவிட்டேன். அமெரிக்கச் செத்தவீடு என்றால் அமெரிக்காவில் இறந்தவர்களுக்குச் செய்வது என்று போன கிழமை எழுதியிருந்தேன். அது தவறு.' இதென்ன பிள்ளை, டயறியோ, பொலிசுக்குக் குடுத்த வாக்குமூலமோ?"

உமாபதி சிரித்தபடி கொப்பியை நீட்டினார். நிரஞ்சனா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஜேர்மனியின் கொலோன் நகர மாலைப் பள்ளியின் படிக்கட்டில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். அயர்லாந்து வரலாற்று வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

"அப்ப அது ஆருக்குச் செய்யிற செத்தவீடு?"

"கப்பலேறப் போற ஆளுக்கு, அண்ணை. போனா இனி வராது எண்டு தெரியும். அதால முதல்நாள் இரவே ஊரைக் கூப்பிட்டு, சமைச்சு, ஆடிப்பாடி, விடியக்குள்ள பிணத்தைப் பாத்து அழுகிற மாதிரி அழுவினமாம்."

"உயிரோட இருக்கிற ஆளைப் பாத்தோ?"

"ஓம்."

உமாபதி தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தார்.

"கொம்மாவும் அப்பிடித்தான் என்ன?"

பதினாறு வயதில், சண்டைக்குப் பயந்து ஊரிலிருந்து அவளை ஜேர்மனியிலிருந்த சித்தப்பாவிடம் அனுப்பியபோது அம்மா இரவு முழுக்க அழுதாள். விடிந்ததும் வாசலுக்கு வரவில்லை. ஒன்பது வருடமாகத் தொலைபேசிக்கும் வருவதில்லை.

"சண்டை நிண்டு, ஊருக்குப் பாதை திறந்து ஒண்டரை வருசம். ஜேர்மன் பாஸ்போட்டும் கையில. போய்ப் பாரன்."

"ஒருக்கா அழுது முடிச்சிட்டாவாம், அண்ணை. இரண்டாந்தரம் ஏலாதாம். தம்பியிட்டச் சொல்லிவிட்டவ. நான் போய் நிண்டு, அவ திரும்பிப் பாக்காட்டி?"

"அதுக்கு இந்தப் பாடம் நடத்திற ஐரிஷ் மனிசி என்ன செய்யிறது?"

"அங்கயும் ஆராவது திரும்பி வந்திருப்பினம்தானே. அப்ப தாய்மார் என்ன செய்தவை எண்டு எங்கயாவது எழுதி வைச்சிருப்பினம். அதைக் கேட்கவேணும்."

"பதினொரு கிழமையா இதைத்தான் சொல்லுறாய். இண்டைக்குக் கடைசி வகுப்பு."

"என்ர ஜேர்மன் பிழைச்சுப்போகும்."

"உன்ர பயமும் ஒருநாளைக்குப் பிழைக்கட்டும். எழும்பு."

அன்று பாடம் பஞ்சத்துக்குப் பிந்திய காலம் பற்றியது. தேதிகளை நிரஞ்சனா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். ஒன்றில் சந்தேகம் வந்ததால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். நாள் முழுக்க நின்ற கால்கள் கடுத்தன. "வேறு கேள்விகள் உண்டா?" என்று ஆசிரியை கேட்டார். யாரோ கப்பல் கட்டணம் பற்றிக் கேட்டார்கள். நிரஞ்சனா எழுதி வைத்திருந்த கேள்வியை மறுபடி வாசித்துப் பார்த்தாள். கைதட்டி விடைபெற்று எல்லோரும் போனார்கள்.

ஆசிரியை பையை மூடும்போதுதான் அவள் அருகே போய் நின்றாள். எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, ஜேர்மனில் மெதுவாகக் கேட்டாள்.

"அழுது அனுப்பிய பிள்ளை திரும்பி வந்தபோது, தாய் என்ன செய்தாள்?"

ஆசிரியை பையைக் கீழே வைத்தார்.

"திரும்பியவர்கள் மிகக் குறைவு. தாய் என்ன செய்தாள் என்று நான் எங்கும் படித்ததில்லை. இருபது வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். என்னிடம் யாரும் இதைக் கேட்டதுமில்லை." சற்று நிறுத்தினார். "யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும்."

நிரஞ்சனா தலையசைத்தாள்.

"உங்கள் பெயர்? சான்றிதழ் தரவேண்டும்." அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். "எந்த வரிசையில் இருந்தீர்கள்? நினைவில்லையே."

"பட்டியலில் இருக்காது. கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன்," என்றபடி நிரஞ்சனா தண்ணீர் வாளியை உள்ளே இழுத்து, கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினாள்.

அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்: நாளை மூன்றாம் மாடி யன்னல்கள் துடைக்க வேண்டும், அதற்கு முன் கொழும்புக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.